வில்ஹெல்ம் மைபாக் சரிதம்

மோட்டார் வண்டியின் வரலாற்றைக் கூறுவோர் டைம்ளர், பென்ஸ் என்னும் இருவர் பெயரையே முதற்கண் எடுத்துரைப்பர். அறிவிலும் உழைப்பிலும் அவர்களுக்குக் குறையாதவராயிருந்தும், பிறர் நிழலில் நின்று தொண்டாற்றியவர் வில்ஹெல்ம் மைபாக் ஆவார். எஞ்சினுக்குப் பெட்ரோலை அளவறிந்து ஊட்டும் வழியைக் கண்டவர் இவரே.

இவர் ஜெர்மனி தேசத்து ஹைல்பிரான் நகரில் 1846-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் ஒரு தச்சருக்கு மகனாய்ப் பிறந்தார். பத்து வயதளவில் தாய் தந்தை இருவரையும் இழந்து திக்கற்றவரானார். குஸ்தாவ் வெர்னர் என்னும் கிறிஸ்தவ ஊழியர் ராய்ட்லிங்கன் நகரில் நடத்திவந்த சகோதர இல்லம் இவரை ஏற்றுக்கொண்டது. அங்கே உணவும் உடையும் அன்றித் தொழிற்கல்வியும் பெற்றார். 1863-ல் அவ்வில்லத்துத் தொழிற்சாலையின் தலைமையை ஏற்க வந்த காட்லீப் டைம்ளர், இவ்விளைஞரின் மதிநுட்பத்தை உணர்ந்தார். அவர்தம் நட்பு டைம்ளர் 1900-ல் மறையுமளவும் நீடித்தது.

1882-ல் இருவரும் கான்ஸ்டாட் நகரை அடைந்து, 1885-ல் இலேசானதும் விரைந்து சுழல்வதுமான ஒரு பெட்ரோல் எஞ்சினை இயற்றினர். ஆயினும் அதற்கு உணவூட்டும் முறையில் ஒரு குறை இருந்தது. தொட்டியிலுள்ள பெட்ரோலின்மீது காற்றைச் செலுத்தி, எழும் ஆவியை எஞ்சினுக்கு அனுப்புவதே அக்காலத்து வழக்கம். பெட்ரோலின் இலேசான பகுதி முன்னே ஆவியாகிவிடக் கனமான பகுதி எஞ்சும். ஆகவே நேரஞ்செல்லச் செல்லக் கலவையில் பெட்ரோல் குறையும்.

எடையில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். காற்று இதனினும் மிகுந்தால் சுடர் மெல்லப் பரவும். எஞ்சின் வலிவிழக்கும், சூடு ஏறும், உள்வால்வு மீண்டும் திறக்கும்போதும் நெருப்பு அணையாதிருப்பின், அது கார்புரேட்டர் வழியே பின்னோக்கிச் சீறும். இதனை எஞ்சினின் உறுப்புக் கோளாறென்று மயங்குதல் எளிது. குறையோ அதன் உணவில் உள்ளது.

1890-ல் நிறுவப்பெற்ற டைம்ளர் கம்பெனியின் பங்குதாரரோடு மனவேறுபாடு உண்டாக, மைபாக் அதனை விட்டு விலகிக் கான்ஸ்டாட்டிலிருந்த ஹெர்மன் ஹோட்டலின் மண்டபத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அங்கே 1893-ல் தெளிப்புக் கார்புரேட்டர் உருவாயிற்று. சிறு கிண்ணத்தில் மிதவை ஒன்று பெட்ரோலின் மட்டத்தை ஒரே நிலையில் நிறுத்தும். எஞ்சின் உறிஞ்சும் காற்று நுண்டுளைக் குழலைக் கடக்கையில் பெட்ரோலைத் துளிகளாய் இழுத்துச் செல்லும். இலேசும் கனமும் ஒருங்கே செல்வதால், பெட்ரோலின் தன்மை நாழிகைக்கு நாழிகை மாறுவதில்லை. பின்வந்த மோட்டார் வண்டிகள் நெடுங்காலம் இத்தத்துவத்தையே தழுவின.

இதிலும் நுண்டுளையில் தூசி அடைத்தாலும், மிதவை தாழ்ந்து நின்றாலும், இணைப்புத் தளர்ந்து காற்றுக் கசிந்தாலும் பெட்ரோல் பஞ்சம் நேரும். தேர்ந்த மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்குமுன் காற்றுவழியைச் சிறிது மூடிப் பார்ப்பான். அது தெளிந்து ஓடுமாயின் நோய் இன்னதென்று துணிவான். பின்னரே அதன் காரணத்தைத் தேடுவான்.

மைபாக் 1895-ல் கம்பெனிக்கு மீண்டார். அவர் அமைத்த 35 குதிரைச் சக்தியுள்ள மெர்சிடிஸ் வண்டி, 1901-ல் பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில் வென்று புகழ்பெற்றது. எனினும் 1907-ல் அவர் மீண்டும் விலக நேர்ந்தது. சோர்வடையாது, மகன் கார்லுடன் செப்பலின் பிரபுவின் ஆகாயக் கப்பல்களுக்கு எஞ்சின் அமைக்கும் பணிக்கு வழிகோலினார். 1929-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் உயிர் நீத்தார்.

தள்ளாடும் எஞ்சினை வலிவற்றதென்று ஒதுக்காமல், அதற்கு வேண்டியது கிட்டியதா என்று ஆராய்ந்தவர் இவர். இவரையும் அவ்வாறே ஓர் இல்லம் ஒதுக்காது ஊட்டி வளர்த்தது. வகுப்பில் பின்தங்கி நிற்கும் தோழன் ஒருவனை மந்தனென்று தீர்க்குமுன், அவனுக்கு வேண்டிய உணவும் நூலும் அன்பும் கிட்டினவா என்று நாமும் ஆராய்வோமாக.