வெளிநாட்டுப் பணம் நின்றால் வைத்தியம் என்னாகும்? ஐடா ஸ்கடர் கண்ட வழி

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. உடனே ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஹெச்.ஐ.வி. சிகிச்சை மையங்கள் தடுமாறின. தினமும் மாத்திரை போட வேண்டிய நோயாளிக்கு, எங்கிருந்தோ வரும் பணம் நின்றுபோனால் என்ன கதி? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே வேலூரில் பதில் தேடியவர் டாக்டர் ஐடா ஸ்கடர்.

யார் இவர்?

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கர். தாத்தா, அப்பா எல்லாருமே மிஷனரி மருத்துவர்கள். ஐடாவுக்கு மட்டும் அந்த வாழ்க்கையில் விருப்பம் இல்லை. அம்மாவைப் பார்க்க திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து தங்கள் மனைவிகளின் பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். வீட்டில் டாக்டர் இருந்தார், ஐடாவின் அப்பா. ஆனால் ஆண் மருத்துவர் பார்ப்பதற்குச் சம்மதம் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் ஐடா மருத்துவம் படிக்கக் கிளம்பினார்.

பணம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர், இறந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் தொடங்கிய வைத்தியம், 1902-ல் 40 படுக்கை மருத்துவமனையானது.

ஆனால், வேலூர் வரை வர முடியாதவர்கள்தான் அதிகம். அதனால் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, காத்திருந்த கிராமத்து மக்களுக்கு மருந்து கொடுத்தார். நோயாளி வரும்வரை காத்திருக்காமல், மருந்தே ஊர் தேடிப் போனது.

முக்கியமான திருப்பம்

எத்தனை டாலர் வந்தாலும் ஒரு டாக்டரால் ஒரு மாவட்டத்தையே பார்க்க முடியாது. எனவே 1909-ல் செவிலியர் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்கள் தேற மாட்டார்கள் என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போகும்படி, முதல் அணியின் 14 பேரும் 1922-ல் பாஸானார்கள். வெளிநாட்டுப் பணத்தில் உள்ளூர் ஆட்களை உருவாக்கியதுதான் ஐடா செய்த பெரிய காரியம்.

1930-களின் இறுதியில் சோதனை வந்தது. டிப்ளமோ போதாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்றது அரசு. எழுபது வயதில் மறுபடியும் நிதி திரட்ட அமெரிக்கா போனார். ஆண்களையும் சேர்த்தால்தான் பல திருச்சபைகளின் ஆதரவு கிடைக்கும் என்ற நிலை. பெண்களுக்காகவே கொடுத்த பழைய நன்கொடையாளர்கள் சிலர் கோபப்பட்டார்கள். நெருங்கிய நட்பைக்கூட இழந்து, கல்லூரியைக் காப்பாற்றினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள். 1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானார்.

ஹெச்.ஐ.வி.க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் ஹெச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரியவந்தது, ஐடா உருவாக்கிய அதே வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில்தான். இந்தியாவில் இந்த நோய் பதிவானது அப்போதுதான்.

2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. மாத்திரை தொடங்கியது. உலக நிதியம் போன்ற வெளிநாட்டு உதவியும் தோள் கொடுத்தது. இன்று மாவட்ட அளவிலேயே ஏ.ஆர்.டி. மையங்கள் உண்டு. மருந்துச் செலவில் பெரும்பகுதியை மத்திய அரசே ஏற்கிறது.

1989 வரை வேலூர் தலைமையிலான வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஊர்தான் கீழ்பென்னாத்தூர். அங்கிருந்து ஒருவர் மாத்திரைக்காகச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டாம். திருவண்ணாமலை போனால் போதும். வெளியிலிருந்து வரும் பணம் ஒருநாள் நிற்கலாம். பயிற்சி பெற்ற ஆட்களும் பக்கத்து ஊர் மருத்துவமனையும் இருந்தால், வைத்தியம் நிற்காது.