மறதியை அளந்தவர்!

தப், கிம், நொல், சேப், மூத், லிக், ரண்... இந்த ஏழையும் ஒரே ஒரு முறை பாருங்கள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு அதே வரிசையில் சொல்லுங்கள், பார்க்கலாம்!

அர்த்தமே இல்லாத இவற்றை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்களா? இதுபோன்ற வரிசைகளை ஆயிரக்கணக்கான முறை மனப்பாடம் செய்தார் ஒருவர். நாம் எப்படி நினைவில் வைக்கிறோம், எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்பதை எண்களில் அளந்து காட்டியவர் அவர். பெயர், ஹெர்மன் எப்பிங்ஹவுஸ்.

இவர் 1850-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி, இன்றைய ஜெர்மனியில் உள்ள பார்மன் என்ற ஊரில், ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். பான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1870-ல் பிரான்சுடன் போர் மூண்டது. படிப்பை நிறுத்திவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். போர் முடிந்த பிறகு திரும்பி வந்து, 1873-ல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு இங்கிலாந்திலும் பிரான்சிலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார்.

அந்த நாட்களில் ஃபெக்னர் என்ற அறிஞர் எழுதிய புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. வெளிச்சம், எடை போன்றவற்றை நாம் உணர்வதைக்கூடக் கணக்குப்போட்டு அளக்கலாம் என்றது அந்தப் புத்தகம். அப்படியானால் ஞாபக சக்தியையும் அளக்க முடியாதா? இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. உதவிக்கு ஆளும் இல்லை. அதனால் என்ன? சோதிப்பவரும் அவரே, சோதிக்கப்படுபவரும் அவரே! தெரிந்த சொற்களைப் பயன்படுத்தினால் அர்த்தம் உதவிக்கு வந்துவிடும் அல்லவா? அதனால் சுமார் 2,300 அர்த்தமற்ற அசைகளை உருவாக்கினார். அவற்றைக் கலந்து, கைக்கு வந்தபடி எடுத்து வரிசைகளாக்கினார். நிமிடத்துக்கு 150 தடவை ஒலிக்கும் 'டிக் டிக்' ஓசைக்கு ஏற்ப, ஒவ்வொன்றாகப் பார்த்துப் படித்தார். வரிசை மாறாமல் சொல்ல வரும்வரை விடமாட்டார்!

என்ன தெரிந்தது? ஏழு அசைகள் என்றால் ஒரு முறை படித்தாலே போதும். பன்னிரண்டு என்றால் ஏறக்குறைய 17 முறை படிக்க வேண்டியிருந்தது. முப்பத்தாறு என்றால் 55 முறை! வரிசை கொஞ்சம் நீண்டாலும் உழைப்பு பல மடங்கு கூடியது.

சரி, மறதியை எப்படி அளந்தார்? அதற்கு அவர் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. மறந்துபோன வரிசையை மறுபடியும் படித்தார். முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். அந்த மிச்சம்தான் மனதில் தங்கியிருக்கும் நினைவு! 20 நிமிடம் கழித்துப் படித்தபோது 58 சதவீதம் மிச்சமானது. ஒரு நாள் கழித்து 34 சதவீதம். 31 நாட்கள் கழித்து 21 சதவீதம். அதாவது, படித்தவுடன்தான் மறதி வேகமாக ஓடுகிறது. அப்புறம் மெதுவாக நடக்கிறது.

இன்னொரு சோதனையும் செய்தார். மனப்பாடம் செய்த வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்து, புது வரிசை ஆக்கினார். அதைப் படிக்கவும் கொஞ்சம் நேரம் மிச்சமானது! பக்கத்துப் பக்கத்து அசைகள் மட்டுமல்ல, தள்ளி இருப்பவையும் மனதில் மெல்லிய நூலால் கட்டப்பட்டிருக்கின்றன என்று புரிந்தது. தூரம் கூடக்கூட அந்த நூலின் பலம் குறைந்தது.

1879, 1880-ம் ஆண்டுகளில் இவற்றைச் செய்தவர், அவசரப்பட்டு வெளியிடவில்லை. 1883, 84-ல் மறுபடியும் சோதித்துச் சரிபார்த்தார். 1885-ல்தான் நினைவாற்றல் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார்.

பின்னர் பிரெஸ்லவ் நகரில் பேராசிரியராக இருந்தபோது மாணவர்களைப் பற்றியும் ஆராய்ந்தார். தொடர்ந்து ஐந்து மணி நேரம் பள்ளி நடந்தால் பிள்ளைகள் களைத்துப் போகிறார்களா என்று பார்க்க, விடுபட்ட எழுத்துகளையும் சொற்களையும் நிரப்பும் ஒரு தேர்வை உருவாக்கினார். நீங்கள் எழுதும் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' போன்றதுதான்! 1909-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி ஹாலே நகரில், நிமோனியா காய்ச்சலால் காலமானார். அப்போது அவருக்கு வயது 59.

ஒரே ஆள் தன்னை மட்டும் சோதித்துச் சொன்னது சரியாக இருக்குமா என்ற சந்தேகம் வரும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய அதே கணக்குதான் வந்தது!

உங்களுக்காக அவர் விட்டுச்சென்ற முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை படித்ததும், மூன்று நாட்களில் பிரித்து 38 முறை படித்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. கிட்டத்தட்ட பாதி உழைப்பு மிச்சம்!

ஆகவே நண்பர்களே, வாய்ப்பாடோ, தனிம வரிசையோ, மன்னர்களின் வரிசையோ... பரீட்சைக்கு முந்தைய இரவு மொத்தமாக உருப்போடாதீர்கள். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம், நாளை மறுநாள் கொஞ்சம் என்று படியுங்கள். அர்த்தம் புரிந்து படித்தால் இன்னும் சுலபம். மறதி நம் எல்லோருக்கும் பொதுவானது. அது திருடும் முன் நாம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டால் போதும்!