ஒரு கட்டிலில் தொடங்கிய மருத்துவமனை

எங்கள் மஞ்சக்குட்டைப் பக்கத்தில் யாருக்கேனும் நோய் தீராமல் நீடித்தால், எதற்கும் வேலூருக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். மலையிறங்கிச் சேலத்தில் ரயிலேறி, ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்கிவிட்டால் வேலூர் வந்துவிட்டது போலத்தான். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் உள்ள அந்தக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார்.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த மருத்துவ ஊழியர். தந்தையும் மருத்துவரே. எனினும் சிறுமி ஐடாவுக்கு இந்தியாவில் வாழும் ஆசை சிறிதும் இருக்கவில்லை. நோயுற்ற தாயாரைக் கவனிக்கத் திண்டிவனத்திற்கு வந்திருந்தபோது, ஓர் இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்துப் பிரசவ உதவி கேட்டு வந்ததையும், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று அவருடைய தந்தையை அவர்கள் ஏற்க மறுத்ததையும், விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் இறந்துபோனதையும் நம்மில் பலர் அறிவோம். அதன் பிறகே ஐடா மருத்துவம் படிக்கத் துணிந்தார். 1899இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

இதுவரை எல்லாரும் சொல்வதுதான். நான் சொல்ல விரும்புவது அவர் பணத்தை எப்படித் தேடினார் என்பதை. அன்பும் படிப்பும் இருந்தால் போதும், மருத்துவமனை தானாக எழும்பிவிடும் என்று நாம் நினைக்கிறோம். பஞ்சுக்கும் மருந்துக்கும் யாரோ ஒருவர் காசு கொடுக்க வேண்டாமா?

இந்தியாவுக்குக் கப்பலேறுமுன், வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றுக்காக 8,000 டாலர் திரட்ட ஐடா புறப்பட்டார். டேபர் என்ற செல்வச் சீமாட்டியிடம் அவர் பேசிக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்த ஷெல் என்ற வங்கி முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் டேபர் அம்மையாரின் மைத்துனர். மறுநாளே ஐடாவை அழைத்து, இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 30,000 ரூபாய்! ஆனால் அது கட்டடத்திற்கான பணம். கட்டடம் எழும்பும் வரை நோயாளிகள் காத்திருப்பார்களா?

1900ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தவர், தந்தையாருடைய வீட்டின் சிறிய அறை ஒன்றிலேயே சிகிச்சையைத் தொடங்கினார். வழிகாட்ட வேண்டிய தந்தை அவ்வாண்டே காலமானார். பயிற்சி பெற்ற செவிலியர் எவருமில்லை. சமையற்காரரின் மனைவி சலோமியே உதவிக்கு நின்றார். இரண்டாண்டுகளில் சுமார் 5,000 நோயாளிகள் வந்தார்கள். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. வசதியுள்ளவர்கள் பணம் கொடுப்பார்கள், இல்லாதவர்களுக்கு அந்தப் பணம் உதவும் என்ற முறை அங்கே வேரூன்றியது. இருப்பினும் ஏழைகளே மிகுதியாக வரும் இடத்தில் அந்தக் கணக்கு எப்போதும் இழுபறிதான். அதற்காக அவர் கதவை அடைக்கவில்லை. வர முடியாதவர்களைத் தேடிக் குடியாத்தம் சாலையோரம் மரத்தடிகளில் வைத்தியம் பார்க்கப் போனார். முதலில் மாட்டுவண்டி, 1909இல் ஒரு சிறிய பூஜோ மோட்டார் வண்டி வந்தது. அதைக் கண்டு கிராமத்தார் பயந்து ஓடினார்களாம்!

தாம் ஒருவர் மட்டும் பார்த்துத் தீராது என்று கண்ட ஐடா, பெண்களை மருத்துவராக்க 1918இல் ஒரு பள்ளி தொடங்கினார். ஆறு பேர் கிடைத்தால் நடத்துங்கள் என்று அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி சந்தேகத்துடன்தான் அனுமதி தந்தார். வந்த விண்ணப்பங்கள் 151. வாடகைக் கட்டடமும் சில புத்தகங்களுமே மூலதனம். முதலாண்டுத் தேர்வெழுதிய 14 பெண்களும் தேறினார்கள். மாகாணத்தில் அவ்வாண்டு எழுதிய ஆண்களிலோ ஐவருக்கு ஒருவரே தேறினர். (எங்கள் வகுப்பிலுள்ளவர்கள் இதை இருமுறை படிக்கலாம்.) நம் கத்தோலிக்கக் கன்னியர்கள் மகப்பேறு மருத்துவம் செய்ய ரோமாபுரியின் அனுமதி கிடைத்தது 1936இல்தான் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கிறேன்.

பள்ளி வளர வளரச் செலவும் வளர்ந்தது. அமெரிக்காவில் லூசி பீபாடி என்ற அம்மையார் ஐடாவுக்குத் துணை நின்றார். ஆசியாவிலுள்ள ஏழு கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரிகளுக்காகப் பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால், ராக்பெல்லர் குடும்ப அறநிதி 10 லட்சம் தரும் என்பது ஏற்பாடு. தவணை 1922ஆம் ஆண்டு முடிவு. வேலூரும் அந்த ஏழில் ஒன்று. நம் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி மற்றொன்று. ஐடா ஊர் ஊராகச் சென்று பேசினார். சில்லறைகளாகவும் காசோலைகளாகவும் தொகை சேர்ந்தது. ஏழை விதவையின் காணிக்கையை ஆண்டவர் எண்ணிப் பார்த்ததுபோல, ஐடாவும் ஒவ்வொரு டாலரையும் எண்ணியிருப்பார். 1928இல் ஊருக்கு வெளியே பாகாயத்தில் 200 ஏக்கர் நிலத்தில் கல்லூரிக்கான வேலை தொடங்கியது.

பெரிய சோதனை அதன் பிறகே வந்தது. 1937-38இல் சென்னை அரசு, இனிப் பட்டப் படிப்பாக நடத்தினால்தான் மருத்துவப் பள்ளிகள் தொடரலாம் என்றது. அதற்கு அதிகமான படுக்கைகள், பேராசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள் வேண்டும். ஐடாவுக்கோ வயது 67. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் பல சபைகள் கூடி உதவும் என்று ஒரு வழி தெரிந்தது. ஆனால் இத்தனை காலம் பணம் தந்தவர்கள் பெண்களுக்கென்று தந்தவர்கள். லூசி பீபாடி அம்மையார் அதைக் கடுமையாக எதிர்த்தார். உற்ற தோழியை இழப்பதா, கல்லூரியை மூடுவதா? ஐடா மிகுந்த மனவேதனையுடன் கல்லூரியின் பக்கம் நின்றார். உள்ளதைச் சொன்னால், பெண்களுக்கென்றே எழும்பிய இடத்தில் ஆண்கள் நுழைந்தது எனக்குச் சற்று வருத்தமே. லூசி அம்மையார் சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஏனெனில் கொடுத்தவர் சொன்ன நோக்கத்தை மாற்றுவது இலேசான காரியமன்று. ஆனால் மூடிய கல்லூரியில் எந்தப் பெண் படித்திருப்பாள்?

1941இல், எழுபது வயதில், உலகப் போரின் நடுவே அவர் மீண்டும் அமெரிக்காவுக்குப் போய் நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது; 1947இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தனர். ஐடா 1946இல் ஓய்வு பெற்றுக் கோடைக்கானலில் தம் வீட்டில் வாழ்ந்தார். இந்தியா, டாக்டர் ஐடா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதமும் அவரிடம் போய்ச் சேர்ந்ததாம். 1960ஆம் ஆண்டு மே மாதம் 89ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அதற்குள்ளேயே, டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி வேலூர்க் கல்லூரியின் பொறுப்பை ஏற்று நடத்தியிருந்தார்.