சான்டி டெனி: ஓராண்டும் மூன்று இசைத்தட்டுகளும்

மேலைத்தேய இசையின் வரலாற்றில் 1969 ஆம் ஆண்டு என்றதும் பலரது நினைவுக்கு வருவது அமெரிக்காவின் வூட்ஸ்டொக் விழாவும் அங்கு திரண்ட இலட்சக்கணக்கான இளைஞர்களுமேயாகும். பீட்டில்ஸ் குழுவினர் 'அபே றோட்' இசைத்தட்டை வெளியிட்டதும் லெட் செப்பலின் குழுவினர் தமது முதலிரு இசைத்தட்டுகளைக் கொண்டுவந்ததும் அவ்வாண்டிலேயே. இந்த ஆரவாரங்களுக்கு நடுவே இங்கிலாந்தில் ஃபெயார்போர்ட் கொன்வென்ஷன் என்ற இளைஞர் குழு ஒரே ஆண்டில் மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டது. மூன்றிலும் முதன்மையாக ஒலித்த பெண்குரல் சான்டி டெனியினுடையது. அவ்வாண்டின் றொக் இசைத்தட்டுகளிலும் நாட்டாரிசைத் தட்டுகளிலும் எமக்கு விருப்பமானவை எவையென எவரேனும் வினவின், பீட்டில்ஸையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு இம்மூன்றையுமே நாம் முதலில் எடுத்துக் கொடுப்போம். அவற்றைப் பாடியவர் அடுத்த ஒன்பதாண்டுகளுக்குள் மறைந்துவிட்டார். மறைந்தபோது அவருக்கு வயது 31.

அலெக்சாண்ட்ரா என்ற இயற்பெயர் கொண்ட சான்டி டெனி 1947 ஜனவரி 6 ஆம் திகதி தென்மேற்கு லண்டனில் பிறந்தார். தந்தைவழிப் பாட்டியார் ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழி பேசியவர். அம்மொழியின் பழம்பாடல்களைப் பாடக்கூடியவர். சிறுவயதில் பியானோ கற்ற சான்டி, பாடசாலைக் கல்வியின் பின்னர் லண்டன் றோயல் பிரொம்ப்டன் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சியில் சேர்ந்தார். அது நீடிக்கவில்லை. 1965 இல் கிங்ஸ்டன் கலைக் கல்லூரிக்குச் சென்றார். அங்கிருந்து நாட்டாரிசை மன்றங்கள் அவரை இழுத்துக்கொண்டன.

அம்மன்றங்களைப் பற்றி இங்கு ஓரிரு வார்த்தைகள் கூறுதல் அவசியம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செசில் ஷார்ப் என்னும் இசை ஆசிரியர் இங்கிலாந்தின் கிராமங்கள் தோறும் அலைந்து, கமக்காரரும் முதியவர்களும் வாய்மொழியாகப் பாடிவந்த ஆயிரக்கணக்கான பாடல்களை எழுதிச் சேகரித்தார். தொழிற்சாலை யுகத்தில் அழிந்துபோகவிருந்த அச்செல்வம் ஏடுகளில் தங்கியது. 1950களிலும் 60களிலும் அதனை மீளப் பாடுவதற்கென நகரங்களில் மன்றங்கள் எழுந்தன. மதுச்சாலையின் மேல்மாடியோ நிலவறையோ போதும். ஒரு கிற்றார், அல்லது அதுவுமின்றி வெறுங்குரல். நல்லெண்ணத்துடன் தொடங்கிய இம்முயற்சியில் நாளடைவில் ஒருவகை ஆசாரமும் புகுந்துகொண்டது. பழம்பாடல் இப்படித்தான் பாடப்படவேண்டும், மின்கிற்றார் அதன் அருகே வரலாகாது என்ற கண்டிப்பு அது. 1966 மே மாதம் மன்செஸ்டரில் பொப் டிலன் மின்கிற்றாருடன் மேடையேறியபோது, நாட்டாரிசை அன்பர் ஒருவரே அவரைத் துரோகி எனத் தூற்றிய சம்பவம் பிரசித்தமானது.

இந்தச் சூழலில்தான் சான்டி பாடத் தொடங்கினார். ஏர்ள்ஸ் கோர்ட்டின் ட்றூபடோர், சோஹோவின் லே கசின்ஸ் போன்ற மன்றங்களில் அவரது குரல் கவனிக்கப்பட்டது. 1967 இல் ஸ்ட்ரோப்ஸ் குழுவினருடன் சிலகாலம் பாடினார். இருபது வயதளவில் அவர் எழுதிய பாடலொன்று, காலம் எங்கே செல்கிறதென்று எவர் அறிவார் என்ற பொருளில் அமைந்த தலைப்பைக் கொண்டது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடகி ஜூடி கொலின்ஸ் அதனைப் பாடி, 1968 இல் வெளிவந்த தமது இசைத்தட்டுக்கு அதன் பெயரையே சூட்டினார். ஊரில் பரவலாக அறியப்படாத ஓர் இளம்பெண்ணின் பாடல் கடல்கடந்து புகழ் சேர்த்தது இவ்வாறே.

1968 மே மாதம் அவர் ஃபெயார்போர்ட் குழுவில் இணைந்தார். ரிச்சர்ட் தொம்சன், சைமன் நிக்கல், அஷ்லி ஹட்சிங்ஸ், மார்ட்டின் லம்பிள், இயன் மத்தியூஸ் ஆகிய இளைஞர்கள் அதுவரை அமெரிக்கப் பாடல்களையே பெரிதும் இசைத்து வந்தனர். அவர்களது தயாரிப்பாளர் ஜோ பொய்ட் என்னும் அமெரிக்கர். 1969 ஜனவரியில் வெளிவந்த முதலாவது இசைத்தட்டில், மேரி அரசி சிறைவைக்கப்பட்ட கோட்டையைப் பற்றிச் சான்டி எழுதிய 'ஃபொதரிங்கே' என்ற பாடலே முதலில் இடம்பெற்றது. கூடவே இரு பழம்பாடல்களும் சேர்ந்தன. மன்றங்களில் கற்றதை அவர் தம்மோடு எடுத்துச் சென்றிருந்தார்.

இரண்டாவது தட்டான 'அன்ஹாஃப்பிரிக்கிங்' எமக்கு மிக நெருக்கமானது. பிரித்தானியப் பதிப்பின் அட்டையில் குழுவின் பெயருமில்லை, தட்டின் பெயருமில்லை. விம்பிள்டனிலிருந்த தமது வீட்டின் முன்னே சான்டியின் தாயும் தந்தையும் நிற்கின்றனர். குழுவினர் பின்னே தோட்டத்தில், வேலியின் ஊடாகத் தென்படுகின்றனர். இதிலேயே சான்டி தமது காலத்தைப் பற்றிய பாடலை முதன்முறையாக இக்குழுவுடன் பதிவுசெய்தார். மாலுமி ஒருவனைத் தேடிக் கடலில் செல்லும் பெண்ணைப் பற்றிய 'எ செய்லர்ஸ் லைஃப்' என்னும் பழைய கதைப்பாடலும் இதில் உண்டு. அவள் தேடிச் சென்றவன் மூழ்கி இறந்துவிட்டான். மன்றங்களில் தனிக்குரலாகச் சான்டி பாடிவந்த இப்பாடலைக் குழுவினர் பதினொரு நிமிடங்களுக்கு விரித்தனர். டேவ் ஸ்வார்பிரிக் என்ற கைதேர்ந்த வயலின் கலைஞர் அழைக்கப்பட்டிருந்தார். ஒரே முறையில், திருத்தமின்றிப் பதிவானது அது. குரல் ஓய்ந்தபின் மின்கிற்றாரும் வயலினும் அலைபோல் ஒன்றையொன்று துரத்துகையில் லம்பிளின் மேளம் கடலடியின் முழக்கம் போன்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஆங்கில நாட்டாரிசையில் புதிய பாதை ஒன்று திறந்த இடம் அந்தப் பதினொரு நிமிடங்களே என்பது எமது துணிபு.

அத்தட்டு ஜூலை மாதத்தில் கடைகளுக்கு வந்தபோது லம்பிள் உயிருடன் இல்லை.

1969 மே 12 ஆம் திகதி அதிகாலை, பேர்மிங்ஹாமில் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு லண்டன் திரும்பிய குழுவினரின் வான் எம்1 நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானது. 19 வயதான லம்பிளும், தொம்சனின் தோழியான இளம்பெண் ஒருவரும் உயிரிழந்தனர். ஏனையோர் காயமடைந்தனர். சான்டி வேறொரு வாகனத்தில் சென்றிருந்தமையால் தப்பினார். குழுவைக் கலைத்துவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. தொடர்வதெனின், இறந்தவரோடு சேர்ந்து இசைத்த பாடல்களை மீண்டும் மேடையேற்றும் மனநிலை அவர்களுக்கு இருக்கவில்லை.

இவ்விடத்தில் அவர்கள் எடுத்த முடிவே அவர்களை வரலாற்றில் நிலைநிறுத்தியது. டிலனுடன் இசைத்த 'த பேண்ட்' குழுவினர் 1968 இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு, அமெரிக்க மண்ணின் வேர்களிலிருந்து புதிய இசையைச் சமைக்கலாமெனக் காட்டியிருந்தது. அதனைப் பின்பற்றி அமெரிக்கரைப் போலப் பாடுவதை விட, இங்கிலாந்தின் வேர்களைத் தாமே தோண்டிப் பார்ப்பதென ஃபெயார்போர்ட் இளைஞர்கள் தீர்மானித்தனர். ஹாம்ப்ஷயரில், வின்செஸ்டருக்கு அண்மையிலுள்ள ஃபார்லி சேம்பர்லேன் என்னும் சிற்றூரில் பெரிய வீடொன்று வாடகைக்கு எடுக்கப்பட்டது. ஸ்வார்பிரிக் முழுநேர உறுப்பினரானார். நடனக் குழுக்களில் அனுபவம் பெற்ற டேவ் மட்டக்ஸ் மேளத்துக்கு வந்தார். ஹட்சிங்ஸ் லண்டனில் செசில் ஷார்ப்பின் பெயரிலுள்ள இல்லத்தின் நூலகத்துக்குச் சென்று ஏடுகளைப் புரட்டினார். காயம் ஆறாத உடலோடும் மனதோடும் அக்கோடையில் அவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டனர்.

அதன் விளைவு 1969 டிசம்பரில் வெளிவந்த 'லீஜ் அன் லீஃப்'. இதன் பாடல்கள் எத்தகையவை என்பதைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். 'மட்டி குரோவ்ஸ்' பதினேழாம் நூற்றாண்டிலேயே வழக்கிலிருந்த கதை. பிரபு ஒருவனின் மனைவி ஏழை வாலிபனை விரும்பி அழைக்கிறாள்; திரும்பிவந்த பிரபு இருவரையும் கொன்றுவிடுகிறான். கொன்ற பின்னரும், மனைவி உயர்குலத்தவள் ஆதலால் புதைகுழியில் அவளது உடலே மேலே இருக்கவேண்டுமெனக் கட்டளையிடுகிறான். சாவிலும் குலம் பார்க்கும் இக்கொடுமையைச் சான்டி எவ்விதக் கண்ணீருமின்றி, செய்தி கூறுபவர் போலப் பாடிச் செல்கிறார். 'த டெசேர்ட்டர்' கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட ஒருவனின் கதை. தப்பியோடுகிறான், தோழன் காட்டிக்கொடுக்கிறான், மீண்டும் தப்ப, காதலியே காட்டிக்கொடுக்கிறாள். இப்பாடலை நாம் கேட்கையில் அது அந்நிய தேசத்துப் பழங்கதையாக எமக்குத் தோன்றுவதில்லை. ஏனென்று எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'டாம் லின்' மாயவுலக அரசியின் பிடியிலிருந்து தன் காதலனை மீட்கும் பெண்ணின் கதை. அவன் கொடிய உருவங்களாக மாறிக்கொண்டே இருக்க, அவள் பிடியை விடுவதில்லை.

தொம்சனும் ஸ்வார்பிரிக்கும் புதிதாக எழுதிய 'கிரேஸி மான் மைக்கல்' என்ற பாடலும் இதில் உண்டு. அண்டங்காகத்தைக் கொன்றவன், தான் கொன்றது தன் காதலியையே என அறிகிறான். மே மாதத்துச் சாவின் நிழல் இதில் படிந்திருப்பதைப் பலரும் உணர்ந்துள்ளனர். துயரத்தை நேரடியாகச் சொல்லவியலாத இளைஞர்களுக்கு, பெயரறியாப் புலவர்களின் முந்நூறாண்டுப் பழமையான சொற்கள் கைகொடுத்தன என்றே நாம் கருதுகிறோம். அச்சொற்களைக் கொண்டுவந்த குரலும் அதற்கு ஏற்றதாயிருந்தது. சான்டி சத்தமிடுவதில்லை. ஓர் அடியை மெல்லத் தொடங்கி, எதிர்பாராத இடத்தில் குரலை விரித்து, மீண்டும் தணிவார்.

1969 செப்டெம்பர் 24 ஆம் திகதி லண்டன் றோயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில் இப்பாடல்கள் அரங்கேறின. அன்று அதே மேடையில் பாடியவர்களுள் நிக் டிரேக் என்ற கூச்ச சுபாவமுள்ள இளைஞரும் ஒருவர். அவரும் 1974 இல், 26 வயதில் இறந்துபோனார்.

இசைத்தட்டு வெளிவருவதற்கு முன்பே, நவம்பரில், சான்டி குழுவிலிருந்து விலகினார். ஹட்சிங்ஸும் விலகினார். இருவரது காரணங்களும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. பழம்பாடல்களுள் மேலும் ஆழ்ந்து செல்ல விரும்பிய ஹட்சிங்ஸ், ஸ்டீலை ஸ்பான் என்ற குழுவை அமைத்தார். சான்டிக்கோ தமது சொந்தப் பாடல்களே வேண்டியிருந்தன. 'லீஜ் அன் லீஃப்' தட்டில் அவரது கையெழுத்துள்ள பாடல் ஒன்றே ஒன்று. அதுவும் ஹட்சிங்ஸுடன் சேர்ந்து எழுதியது. வெற்றியின் வாசலில் நின்றவர் இறங்கி நடந்தது பிழையென இன்றும் கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு தேசத்தின் பழம்பாடல்களுக்குக் குரலாக இருப்பது பெருமைதான். எனினும் எழுத வல்ல ஒருவர், பிறரது சொற்களை மட்டுமே வாழ்நாள் முழுதும் பாடவேண்டுமென்று கேட்க எவருக்கு உரிமையுண்டு?

அதன் பின்னர் வந்த ஆண்டுகள் அவருக்கு இலகுவாக இருக்கவில்லை. வருங்காலக் கணவர் ட்ரெவர் லூகஸுடன் அமைத்த ஃபொதரிங்கே குழு ஓராண்டளவிலேயே கலைந்தது. 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் 'மெலடி மேக்கர்' வார இதழின் வாசகர்கள் அவரைப் பிரித்தானியாவின் சிறந்த பாடகியாகத் தெரிவுசெய்தனர். 1971 இல் லெட் செப்பலினின் நான்காவது இசைத்தட்டில் ரொபர்ட் பிளான்டுடன் ஒரு பாடலைப் பாடினார். அக்குழுவின் இசைத்தட்டுகளில் இணைந்து பாடிய ஒரேயொரு வெளிப்பாடகர் அவரே. கோடிக்கணக்கான பிரதிகள் விற்பனையான அத்தட்டின் மூலம் அவரது குரலைக் கேட்டோர், அது எவருடையது என அறியாமலே கேட்டுக்கொண்டிருந்தனர். அவரது பெயரில் 1971 முதல் 1977 வரை வெளிவந்த நான்கு தட்டுகளிலும் அருமையான பாடல்கள் உள்ளன. விற்பனையோ எதிர்பார்த்தவாறு அமையவில்லை. இடையில் மீண்டும் ஃபெயார்போர்ட்டுக்கு வந்து 1975 வரை இருந்தார். நான்காவது தட்டின் பின் நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிவுற்றது. மதுப் பழக்கமும் மனச்சோர்வும் அவரை வாட்டின. 1977 இல் பெண் குழந்தை ஒன்று பிறந்தது.

1978 மார்ச் இறுதியில் கோர்ன்வோலில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது படிக்கட்டில் வீழ்ந்து தலையில் அடிபட்டார். கடும் தலைவலி தொடர்ந்தது. ஏப்ரல் 1 ஆம் திகதி, தாம் வாழ்ந்த பைஃபீல்ட் கிராமத்தின் பொதுமண்டபத்தில் நடைபெற்ற நிதி சேகரிப்பு நிகழ்ச்சியில் பாடினார். அதுவே இறுதி மேடை. ஏப்ரல் 17 இல் லண்டனில் நண்பர் ஒருவரின் வீட்டில் நினைவிழந்த நிலையில் காணப்பட்ட அவர், 21 ஆம் திகதி மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் காலமானார். புட்னி வேல் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

2006 இல் பிபிசி வானொலி இரண்டின் நேயர்கள் 'லீஜ் அன் லீஃப்' தட்டை, மிகுந்த செல்வாக்குச் செலுத்திய நாட்டாரிசைத் தட்டாகத் தெரிவுசெய்தனர். அடுத்த ஆண்டு அதே நேயர்கள் தமக்கு மிகப் பிடித்த நாட்டாரிசைப் பாடலுக்கு வாக்களித்தபோது, முதலிடம் பெற்றது நூற்றாண்டுகள் பழமையான கதைப்பாடல் எதுவுமன்று. காலத்தைப் பற்றிச் சான்டி டெனி இருபது வயதளவில் எழுதிய அந்தப் பாடலே.