இமயத்தின் பனியாறுகள் எதுவரை வந்தன? கற்களைப் படித்த டி.என்.வாடியாவின் கதை

புனே ஔந்தில் புது அபார்ட்மென்ட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் இடத்தில் எட்டிப் பார்த்தால் கறுப்புப் பாறைதான் தெரியும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு அது. கடைசிப் பனியுகத்தில் கனடாவும் வட ஐரோப்பாவும் கிலோமீட்டர் கணக்கில் பனிக்கு அடியில் கிடந்தபோதும் இந்தப் பாறைமேல் பனியாறு ஏறியதில்லை. இந்தியாவில் பனியுகத்தின் கதையைத் தேடினால் இமயமலைக்குத்தான் போக வேண்டும். அப்படிப் போனவர்களில் முக்கியமானவர் தாராஷா நோஷெர்வான் வாடியா.

(செய்திகளில் 'பனிப்பாறை' என்றே எழுதுகிறோம். ஆனால் அது ஒரே இடத்தில் கிடப்பதில்லை, தன் எடையாலேயே மெல்ல நகரும். அதனால் இங்கே பனியாறு.)

1883 அக்டோபர் 23-ம் தேதி சூரத்தில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர் வாடியா. படிப்பு பரோடாவில். 1907-ல் ஜம்முவின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. சம்பளத்தைவிடப் பெரிய லாபம், கல்லூரிக்குப் பின்னாலேயே இமயத்தின் அடிவாரம் இருந்ததுதான். லீவு விட்டால் மலைக்குக் கிளம்பிவிடுவார். ஜம்மு அருகே ஸ்டெகோடான் என்ற பழங்கால யானையின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அதன் தந்தம் மட்டுமே சுமார் 3 மீட்டர்!

கற்பிக்கச் சரியான பாடநூல் இல்லை என்று அவரே எழுதியதுதான் 1919-ல் வெளியான இந்தியப் புவியியல் நூல். பல தலைமுறை மாணவர்கள் அதைத்தான் படித்தார்கள். 1921-ல், 38 வயதில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஐரோப்பியப் பட்டம் இல்லாமல் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். சும்மா கிடைத்த இடம் இல்லை அது.

கற்குவியல் சொல்லும் கணக்கு

பனியாறு நகரும்போது பாறைகளைப் பெயர்த்து இழுத்து வரும். உருகிப் பின்வாங்கும்போது அந்தக் குப்பையை அப்படியே விட்டுவிட்டுப் போகும். வெள்ளம் வடிந்தபின் சுவரில் நிற்கும் சேற்றுக்கோடு மாதிரி. இதற்கு மொரெய்ன் என்று பெயர். இன்று பெரிய பனியாறு எதுவும் இல்லாத பீர் பஞ்சால் சரிவுகளில் மொரெய்ன்கள் கிடக்கின்றன என்றால், ஒரு காலத்தில் பனி அங்குவரை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

வாடியா வரைபடமிட்ட பகுதிகளில் இந்தத் தடயங்கள் ஏராளம். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் 'கரேவா' என்ற ஏரி வண்டல் மேடுகள் இருக்கின்றன. பாம்பூரில் குங்குமப்பூ விளைகிற மண் இதுதான். இந்த வண்டலோடு மொரெய்ன்களும் கலந்து வருகின்றன. அதைவிட ஆச்சரியம், ஏரியின் அடியில் படுக்கையாகப் படிந்த அடுக்குகள் பீர் பஞ்சால் பக்கம் சாய்ந்து மேலே தூக்கப்பட்டிருப்பது. அதாவது, பனி வந்து போய்க்கொண்டிருந்த அதே காலத்தில் மலையும் வளர்ந்திருக்கிறது.

மலைத்தொடர் நங்கா பர்பத்தைச் சுற்றி ஏன் சட்டென வளைகிறது என்பதற்கு 1931-ல் அவர் தந்த விளக்கம்தான் அவரை உலகறியச் செய்தது. தீபகற்பப் பாறையின் நாக்கு போன்ற ஒரு முனை தடுத்து நின்றதால், மலை அதைச் சுற்றி மடிந்தது என்றார்.

1938-ல் ஓய்வு. உடனே இலங்கை அரசின் கனிமவியலாளர் ஆனார். பல ஆண்டுகளுக்கு முன் ஆனந்த குமாரசாமி கனிம ஆய்வு நடத்திய அதே தீவு. பனியுக உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. ஆழமில்லாத பாக் நீரிணை அப்போது தரையாகவே கிடந்தது. இமயத்தில் பனி கூடிய காலத்தில் ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போயிருக்கலாம்!

எத்தனை முறை வந்தது?

1930-களில் ஹெல்முட் டி டெரா குழு காஷ்மீரில் நான்கு பனியுகங்கள் என்று எண்ணியது. ஆல்ப்ஸ் மலையிலும் நான்கு என்றுதான் அப்போது நம்பினார்கள், கணக்கு அழகாகப் பொருந்தியது. வாடியா காலத்தில் மொரெய்னின் வயதை ஆண்டுகளில் அளக்க வழியே இல்லை, ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் வரிசையை வைத்துத்தான் ஊகிக்க முடியும். பின்னர் கடலடி வண்டல்கள் வேறு கதை சொல்லின. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறுவதால், பனியுகங்கள் முதலில் சுமார் 41,000 ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு சுமார் ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒருமுறையும் வந்திருக்கின்றன. நான்கு அல்ல, பல பத்து முறை.

இன்று பாறைமேல் காஸ்மிக் கதிர் உருவாக்கும் பெரிலியம்-10 அணுக்களை எண்ணி, கல் எப்போது வெளியே வந்தது என்று கணக்கிடுகிறார்கள். அதில் தெரிந்த விஷயம்: உலகம் மிகவும் குளிர்ந்திருந்த சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், இமயத்தின் பல பனியாறுகள் தம் உச்ச நீளத்தில் இல்லை. அதற்கும் முன்பே அவை அதிகம் நீண்டிருந்தன. குளிர் மட்டும் போதாது, பனியாகப் பொழிய ஈரமும் வேண்டும். கடுங்குளிரில் பருவமழை மெலிந்துவிட்டது என்பதுதான் பலர் ஏற்கும் விளக்கம். இமயப் பனியாறுகள் இனி எப்படி மாறும் என்று கணிக்கிறவர்கள் வெப்பத்தோடு மழையையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

1957-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார் வாடியா. அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியப் புவியியலாளர். 1968-ல் இமயப் புவியியலுக்கென ஒரு நிறுவனம் டெல்லியில் சிறிய அளவில் தொடங்க முன்னின்றார். அடுத்த ஆண்டு, 1969 ஜூன் 15-ல் காலமானார். 1976-ல் டேராடூனுக்கு இடம் மாறிய அந்த நிறுவனம், இப்போது அவர் பெயரில்தான் இயங்குகிறது. கங்கோத்ரி பக்கத்து டோக்ரியானி, கேதார்நாத்துக்கு மேலே உள்ள சோராபாரி போன்ற பனியாறுகள் எவ்வளவு பின்வாங்குகின்றன என்று அதன் விஞ்ஞானிகள் அளந்து வருகிறார்கள்.