ரிலேஷனல் டேட்டாபேஸின் தந்தை எட்கர் காட்



நம்ம லேபில் எல்லோருக்கும் ஒரு நாளாவது இது நடந்திருக்கும். பி.ஹெச்.பி. ஸ்கிரிப்ட் எழுதி பிரவுசரில் திறந்தால், மாணவர் பட்டியலுக்குப் பதிலாக டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை என்று ஒரு வரி வந்து நிற்கும். மினி ப்ராஜெக்ட் காட்ட வேண்டிய அன்று காலையில் எனக்கும் அப்படித்தான் வந்தது. வீட்டுக்கு போன் போட்டுக் கேட்கலாம் என்றால், எங்க குடும்பத்தில் இந்தப் படிப்புக்கு வந்த முதல் ஆளே நான்தான். நமக்கு இதெல்லாம் வராதோ என்று மனசு விட்டுப்போச்சு. புரோகிராமும் தகவலும் ஒரே இடத்தில் இருந்தால் இந்த வம்பே இல்லையே, யார் இதைப் பிரிச்சு வச்சது என்று கோபமும் வந்தது. அப்படித் தேடிப் போய்த்தான் எட்கர் காட் என்பவரைத் தெரிந்துகொண்டேன்.

1923 ஆகஸ்ட் 19-ல் இங்கிலாந்தின் போர்ட்லேண்ட் தீவில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் படித்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானம் ஓட்டினார். 1948-ல் அமெரிக்கா போய் ஐ.பி.எம். கம்பெனியில் சேர்ந்தார். அங்கே செனட்டர் மெக்கார்த்தி பலரையும் கம்யூனிஸ்ட் என்று சொல்லி வேட்டையாடிய காலம் அது. அதைப் பொறுக்காமல் 1953-ல் கனடாவுக்குப் போய்விட்டார். சில வருஷம் கழித்துத்தான் திரும்பினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியது 1965-ல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. அரியர் இருக்கே என்று கவலைப்படும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்!

அந்தக் காலத்தில் தகவலை மரம் மாதிரி கிளை கிளையாக அடுக்கி வைப்பார்கள். எந்தக் கிளை வழியாகப் போனால் எது கிடைக்கும் என்பதைப் புரோகிராம் எழுதுபவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அடுக்கு மாறினால் புரோகிராமையும் திருத்தி எழுத வேண்டியதுதான். இந்தத் தொல்லையைத் தீர்க்க காட் 1970-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல் எல்லாம் அட்டவணையாக இருக்கட்டும். என்ன வேண்டும் என்று மட்டும் புரோகிராம் கேட்கட்டும். அது எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது என்பதை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளட்டும். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அவருடைய கம்பெனியே மர வகை டேட்டாபேஸை விற்றுக்கொண்டிருந்தது. அதனால் அங்கே உடனே வரவேற்பு இல்லை. அவர் விடவில்லை, பேசிக்கொண்டே இருந்தார். பிறகு அதே ஐ.பி.எம்.மில் சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் அவர் வழியில் உருவாக்கிய மொழிதான் நாம் படிக்கும் எஸ்.க்யூ.எல். இருந்தும் 1979-ல் ஆரக்கிள் முந்திக்கொண்டு சந்தைக்கு வந்தது, ஐ.பி.எம்.மின் சரக்கு 1981-ல்தான் வந்தது. அதே வருஷம் காட்டுக்கு டூரிங் விருது கிடைத்தது. 2003 ஏப்ரல் 18-ல், 79-வது வயதில், புளோரிடாவில் காலமானார்.

இதைப் படித்த பிறகு என் கோபம் போச்சு. தகவலுக்குப் பொறுப்பாக ஒருவர் தனியே உட்கார்ந்திருந்தால், வாசலில் நின்று கேட்டுத்தானே வாங்க வேண்டும்? அந்த வாசலில் நாம் சொல்ல வேண்டியது நாலு: சர்வர் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் பெயர். மை எஸ்.க்யூ.எல்.லில் 2002 என்ற எண் வந்தால் சர்வர் ஓடவில்லை, அல்லது சர்வர் பெயரோ போர்ட்டோ தப்பு. 1045 வந்தால் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் பாருங்கள். 1049 வந்தால் அந்தப் பெயரில் டேட்டாபேஸே இல்லை.

எனக்கு வந்தது 1045. அதாவது சர்வர் நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குப் பதிலும் சொல்லியிருந்தது. அது புரியாமல் அரை மணி நேரம் சர்வரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன்! நண்பன் மெஷினில் எழுதிய ஸ்கிரிப்டை லேப் மெஷினுக்கு அப்படியே கொண்டுவந்திருந்தேன். இங்கே பாஸ்வேர்டு வேறு. ஒரே வரியை மாற்றினேன், பட்டியல் வந்தது.

ஆகவே நண்பர்களே, எரர் வந்தால் பயந்து மூடிவிடாதீர்கள். முதலில் அந்த வரியை முழுசாகப் படியுங்கள். சொந்தக் கம்பெனியே கேட்காதபோதும் காட் சோர்ந்துபோகவில்லை. நமக்கு வந்திருப்பது ஒரு எண்தானே!