புத்தகத்துக்கு வழி சொன்ன கணக்கு ஆசிரியர்

ஏரல் பக்கத்து வாழைத் தோட்டத்துக்குத் தாமிரபரணித் தண்ணீர் எப்படி வருகிறது? ஆற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து வாய்க்கால், பிறகு மடை. இப்படிக் கிளை பிரித்துப் புத்தகங்களுக்கு வழி வகுத்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழியில் 1892-ல் பிறந்தவர்.

மனம் மாறியது

கணக்கு ஆசிரியரான அவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வேலை பிடிக்கவில்லை. பாடம் நடத்தவே திரும்ப விரும்பினார். பயிற்சிக்காக லண்டன் சென்றார். அங்கே நூலகங்கள் மக்களுக்குச் செய்யும் தொண்டைக் கண்டதும் மனம் மாறினார்.

பொம்மை தந்த யோசனை

முன்பே போட்ட பட்டியலில் புதிய பொருளுக்கு இடம் கிடைப்பதில்லை. லண்டன் கடையொன்றில் ஒரு பொம்மைப் பெட்டியைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றிப் பூட்டினால் பலவகைப் பொம்மைகள்! பொருளையும் துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்த்தால் என்ன?

1933-ல் அவருடைய 'கோலன் பகுப்பு முறை' வெளிவந்தது. வேளாண்மைக்கு 'ஜே' என்ற எழுத்து. அடுத்து, எந்தப் பயிர்? அடுத்து, என்ன நோய்? வாழை நோய் நூலைத் தேடுபவர் மருத்துவ அலமாரியைத் தொடவே வேண்டாம். படிப்பவரின் நேரம் மிச்சம்.

அவர் முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. 1972-ல் அவர் மறைந்தார். இன்று கணினியில் தேடும்போதும் அந்தக் கிளை வழி உதவுகிறது.